அழுவதற்கும் மூச்சு வேண்டும்

தீவுப் பகுதிக்கு நியமனம் கிடைத்துவிட்டதென்று, வீட்டில் யாரோ செத்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு குறிகட்டுவான் துறையில் வந்து இறங்கும் இளம் வைத்தியர்களையும் தாதியரையும் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களில் சிலரும் அப்படித்தான் வந்திருப்பீர்கள். பரவாயில்லை, நானும் அப்படித்தான் வந்தேன். இத்தனைக்கும் நான் தீவுப் பகுதியிலேயே, நாரந்தனையில் பிறந்தவள். பெயருக்குத் தீவாள், படகில் ஏறினால் வயிற்றைப் பிரட்டத் தொடங்கிவிடும். ஓய்வு பெறும்வரை அது மாறவில்லை. நெடுந்தீவுப் படகுக்காரர்கள் என்னைத் தூரத்தில் கண்டதுமே, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு வாளியை என் இருக்கைப் பக்கமாக நகர்த்தி வைப்பார்கள். அந்த வாளிக்கு என் பெயரே வைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மருந்தின் அளவும் குழாய் போடும் முறையும் உங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அவற்றைச் சொல்லி உங்களை வதைக்க மாட்டேன். உடம்பில் பல இடங்களில் அடிபட்ட ஒரு பிள்ளையின் நுரையீரல் இனி எவ்வளவு கெடப்போகிறது என்பதை, அது கெடுவதற்கு முன்பே சொல்ல வேண்டியிருந்த ஒரு பின்னேரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெரிய வைத்தியசாலையில் ஸ்கான் எடுக்கலாம், இரத்தத்தில் வாயுக்களை அளக்கலாம். இப்போது விவரங்களைக் கணினியில் போட்டால் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து இவ்வளவு என்று மதிப்பெண்ணே வருகிறதாம். நல்ல விஷயம், வரட்டும். அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற கிழவி நானில்லை. ஆனால் நான் வேலை செய்த நெடுந்தீவு வைத்தியசாலையில் அன்று கணிப்பதற்கென்று எங்களிடம் இருந்தவை ஒரு ஸ்டெதஸ்கோப்பும், விரலில் மாட்டி ஒக்சிஜன் பார்க்கிற சின்னக் கருவியும், ஒரு தொலைபேசியும்தான்.

அதற்கு முன் வேறொன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. அந்தச் சம்பவத்துக்குச் சில மாதங்களுக்கு முன், சைக்கிளோடு மதிலில் மோதிய ஒரு பையனை, நெஞ்சில் பலமான அடி என்று நினைத்து, சோளகம் அடிக்கிற பின்னேரத்தில் கடலில் ஏற்றி அனுப்பினேன். சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. அது எழும்பிவிட்டால் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையிலுள்ள கடல் யாரையும் மதிக்காது. கூடப் போனவர்கள் எல்லோரும் தோய்ந்து, நடுங்கி, என்னைத் திட்டிக்கொண்டே கரை சேர்ந்தார்கள். பையனுக்கு ஒன்றுமே இல்லை. மறுநாள் யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிரீம் குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான். ‘டொக்டருக்கும் ஐஸ்கிரீம் கடைக்காரருக்கும் ஏதும் சொந்தமோ’ என்று படகுத்துறையில் கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது என்பதும் உண்மைதான்.

இனி ஜெனிற்றாவிடம் வருகிறேன். எட்டு வயதுப் பிள்ளை. தகப்பன் மரியதாஸ் கடற்றொழிலாளி. அந்தத் தீவில் வளவுகளுக்குக் கடலில் எடுத்த முருகைக்கற்களை அடுக்கிய மதில்கள்தான் வேலி. அப்படி ஒரு மதிலோரம் பிள்ளை நின்றிருக்கிறாள். குடிதண்ணீர் ஏற்றி வந்த சின்ன உழவு இயந்திரம் பின்பக்கமாக வந்திருக்கிறது. ஓட்டியவர் பிள்ளையைக் காணவில்லை. இழுத்து வந்த பெட்டி அவளை மதிலோடு வைத்து நெரித்துவிட்டது. சனங்கள் கத்தியதும் வண்டியை முன்னுக்கு எடுத்தார்கள். பிள்ளை சரிந்து விழுந்தாள்.

அவளை ஒரு கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். கடலில் தொழில் செய்பவர்கள் எதையும் கட்டாமல் ஏற்ற மாட்டார்கள். அது இயந்திரமானாலும் சரி, மனிதரானாலும் சரி. நோயாளியை அக்கரைக்குக் கொண்டுபோவதென்றால், அலை தூக்கி எறியாமல் இருக்க, பலகையில் கிடத்தி நெஞ்சிலும் இடுப்பிலும் முழங்காலிலும் சேலையால் வரிந்து கட்டுவது அங்கே வழக்கம். எப்படியும் படகில்தான் போக வேண்டிவரும் என்று மரியதாஸ் வீதியில் வைத்தே கட்டி முடித்துவிட்டார். அவர் கட்டினால் அது கட்டுத்தான். தொடை எலும்பு முறிந்து கால் கோணிக் கிடந்தது. ஆனால் அந்தக் கட்டினால் கால் துளியும் ஆடவில்லை.

எல்லோருடைய கண்ணும் அந்தக் காலிலேயே இருந்தது. தாய் பிலோமினா காலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். வந்த சனங்கள் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எங்கள் தாதி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“பாருங்கோ டொக்டர், என்ன கெட்டிக்காரி! இவ்வளவு அடிபட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.”

பிள்ளை விழித்தபடி கிடந்தாள். கேட்டால் தலையை ஆட்டினாள். விரலில் மாட்டிய கருவி நல்ல எண்ணையே காட்டியது. முகத்திலும் கண்மடலிலும் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ‘வெயிலுக்கை நிண்டவள், வேர்க்குரு’ என்றார் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா. வேர்க்குரு கண்மடலுக்குள் வராதே என்று நினைத்துக்கொண்டேன். நோவுக்கு மருந்து கொடுத்தேன். காலுக்கு மட்டை வைத்து, அவளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது பற்றிப் பேசத் தொலைபேசியை எடுத்தேன்.

மறுமுனையில் பேசியவர் சிறுவர்களின் அதிதீவிர சிகிச்சையில் வேலை செய்த ஒரு இளம் பெண் வைத்தியர். அதுவரை அவரை நான் கண்டதில்லை. குரலைக் கேட்டால் என் மகளின் வயது இருக்கும். பெயரை எழுதினால் கோபிப்பார். இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்த எனக்கு அன்று பாடம் எடுத்தவர் அவர்தான். நான் காலைப் பற்றி விவரமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டார்.

“மடம், நெஞ்சிலை காயம் ஏதும்?”

“ஒரு கீறலும் தெரியேல்லை. விலா எலும்பும் முறிஞ்ச மாதிரி இல்லை. ஒக்சிஜனும் நல்லா இருக்கு.”

“பெட்டி எந்த இடத்திலை நெரிச்சது எண்டு தெரியுமோ?”

“மதிலோட வைச்சு நெரிச்சதெண்டுதான் சொல்லுகினம்.”

“பிள்ளை அழுகிறாவோ, மடம்?”

“இல்லை. அமைதியாக் கிடக்கிறா.”

 அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது: “தொடை முறிஞ்ச எட்டு வயசுப் பிள்ளை ஏன் மடம் அழேல்லை?”

தொலைபேசியைத் தாதியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். பிள்ளையிடம் எந்த வகுப்பு என்று கேட்டேன். “மூண்டாம்” என்றாள். ஒரு மூச்சு எடுத்தாள். “வகுப்பு” என்றாள். இன்னொரு மூச்சு எடுத்தாள். மூக்குத்துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்கியது. அவள் அழாமல் இருந்தது வீரம் காட்ட அல்ல. ஓங்கி அழ ஒரு நெஞ்சு நிறைய மூச்சு வேண்டும். அது அவளிடம் இல்லை. கையில் இருந்ததைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டு கிடந்தாள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

நெஞ்சுக்கட்டை அவிழ்க்க முடியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். சேலைக்குக் கீழே சட்டையையும் நீக்கிப் பார்த்தால், நெஞ்சுக்குக் குறுக்கே, பெட்டியின் விளிம்பு பதிந்த மங்கலான கோடு. காயமில்லை, வெறும் கோடு.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் விலா எலும்பு முறிந்து உங்களுக்குச் சேதி சொல்லும். பிள்ளைகளின் விலா எலும்பு பச்சை ஈர்க்குப்போல வளைந்துவிட்டு நிமிர்ந்துவிடும். அது வளைந்த அந்த நொடியில் உள்ளேயிருக்கும் நுரையீரல் நசிந்திருக்கும். எலும்பு முறியவில்லை என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். முகத்திலிருந்த அந்தப் புள்ளிகள், நெஞ்சு நெரிந்தபோது இரத்தம் மேலே தள்ளப்பட்டதால் வந்தவை. நசிந்த நுரையீரல் முதலில் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். பிறகு மணிக்கணக்கில் வீங்கி, நீர் கோத்து, மெல்ல மெல்ல வேலையை நிறுத்தும். விரலில் மாட்டிய கருவியின் எண் விழுவது கடைசியில்தான். அதை நம்பிக் காத்திருப்பவருக்குப் பிறகு செய்ய ஒன்றும் மிஞ்சாது.

வெளியே வந்து உடனே போகவேண்டும் என்றேன். படகோட்டி சூசை அண்ணை கடலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்தக் காத்துக்கையோ? விடியக் காத்து விழும், டொக்டர். வெள்ளண எடுத்தா அலுங்காமல் கொண்டு போகலாம். கால் முறிவுதானே, ஒரு இரவு தாங்கும்.”

“கால் தாங்கும். நெஞ்சு தாங்காது.”

“போன முறையும் உப்பிடித்தான் சொன்னனீங்கள்.”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அந்த ஐஸ்கிரீம் ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். மரியதாஸ் என் முன்னால் வந்து நின்றார். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. சரியானதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நல்லாத்தானே டொக்டர் இருக்கிறாள். உந்த மிசினும் நல்ல நம்பர்தானே காட்டுது?”

“இப்ப நல்லாத்தான் இருக்கிறா. நான் சொல்லுறது விடியப்புறத்தைப் பற்றி.”

“நிச்சயமோ?”

எந்த வைத்தியரையும் நடுங்க வைக்கிற கேள்வி அது. நிச்சயம் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அது பொய். அந்தக் கடலில் இறங்கப்போகிற மனிதர்களிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“நிச்சயமில்லை, மரியதாஸ். இப்ப போய் ஒண்டும் இல்லையெண்டா, நனைஞ்சு திரும்பி வருவம். நீங்கள் எல்லாரும் இன்னும் ஒரு வருசம் என்னைப் பாத்துச் சிரிப்பீங்கள். விடியுமட்டும் இருந்து மூச்சு நிண்டுதெண்டா, அவளை மூச்செடுக்க வைக்கிற மிசின் இஞ்ச இல்லை. நீங்கள் சிரிச்சா எனக்குப் பரவாயில்லை.”

“அவளோட ஆர் வாறது?”

அன்று காலையில்தான் மற்ற வைத்தியர் விடுமுறை முடிந்து திரும்பியிருந்தார். வைத்தியசாலையைப் பார்க்க ஆள் இருந்தது. “நான் வாறன்” என்றேன்.

சூசை அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய படகில் நான் எத்தனை முறை வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அமைதியான கடலிலேயே அந்தப் பாடு என்றால், சோளகத்தில் என் நிலைமை என்னவாகும் என்பதும் தெரியும். “இவ இந்தக் கடலிலை வாறன் எண்டுறா. அப்ப விசயம் பெரிசுதான், மரியதாஸ்” என்று சொல்லிவிட்டு, எரிபொருள் கானைத் தூக்கிக்கொண்டு இறங்கு துறைக்கு நடந்தார். புத்தகத்திலிருந்து நான் சொல்லியிருக்கக்கூடிய எதுவும் செய்யாத வேலையை என் வயிற்றுக் குமட்டல் செய்துவிட்டது.

படகடியில் அடுத்த வில்லங்கம். மரியதாஸ் யாரிடமோ வேறொரு சேலையை வாங்கி, மறுபடியும் நெஞ்சில் கட்டப் போனார். நான் கையைப் பிடித்தேன்.

“கட்டாமல் இந்தக் கடலிலை கொண்டு போக ஏலாது, டொக்டர். தூக்கி எறியும்.”

“காலைக் கட்டும். நெஞ்சைக் கட்டாதையும். மூச்செடுக்க அது விரியவேணும்.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பலகையில் வெட்டுண்டு தொங்கிய பழைய சேலையைப் பார்த்தார். “நான்தானே இறுக்கிக் கட்டினனான்” என்றார்.  அதுவரை இழுத்து மூடிவைத்த துக்கம் அப்படியே வெளியே வந்தது.

“நீர் கட்டினதாலைதான் அந்தக் கால் இவ்வளவோட நிக்குது. நல்ல கட்டு. நெஞ்சுக்கு மட்டும் வேண்டாம்” என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, உண்மையும் அதுதான்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகில் இறங்கினார். முன்பக்கம் அதிகம் தூக்கி அடிக்கும், பின்பக்கம் இயந்திரப் புகை வரும், நடுவில் கொஞ்சம் பின்னுக்குத்தான் நல்லது என்று இடம் பார்த்து உட்கார்ந்தார். பிள்ளையை அரைவாசி நிமிர்த்தி, அவள் முதுகு தன் நெஞ்சில் சாய வைத்துக்கொண்டார். பிறகு சூசை அண்ணையைப் பார்த்து, “என்னைக் கட்டுங்கோ” என்றார். சூசை அண்ணை கயிற்றை எடுத்து மரியதாஸைப் படகின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். பிள்ளையில் கயிறு படவில்லை. பலகையின் வேலையைத் தகப்பன் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பயணத்தைப் பற்றிப் பெருமையாக எழுத ஆசைதான். ஆனால் துறையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே நான் சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டேன். பிள்ளையின் மூச்சை எண்ணுவேன், வாளிக்குக் குனிவேன், நிமிர்ந்து திரும்ப எண்ணுவேன். முறிந்த தொடைக்குள் இரத்தம் போகிறது, சேலைன் கொடு என்று கால் சொல்லும். அதிகம் கொடுத்தால் நசிந்த நுரையீரலில் நீர் கோக்கும், கொடுக்காதே என்று நெஞ்சு சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதை எந்தப் புத்தகமும் உங்கள் பிள்ளைக்கென்று எழுதி வைத்திருக்காது. நாடியைப் பிடித்துப் பிடித்து, சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும்.

நடுக்கடலில் கருவியின் எண் விழத் தொடங்கியது. மூச்சு முன்பைவிட வேகமாகியது, கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. என் கணிப்புச் சரியாகிவிட்டது. வாழ்க்கையில் சரியாக இருந்ததற்காக இவ்வளவு வெறுத்த நேரம் வேறில்லை. கூடக் கொண்டுவந்த சிலிண்டரில் ஒக்சிஜனைக் கூட்டினேன். வேகமாய் விடச் சொல்லிக் கத்த வாய் உன்னியது. ஆனால் வேகமாய் விட்டால் ஒவ்வொரு அலையும் அந்த நெஞ்சில் அடிக்கும். “உதே மாதிரிப் போங்கோ, சூசை அண்ணை” என்றேன். நெருக்கடியில் அவசரப்படாமல் இருப்பதுபோலக் கஷ்டமான வேலை வேறில்லை, பிள்ளைகளே. மரியதாஸ் அவள் காதுக்குள் மெல்லச் செபம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு அலைக்கும் அவருடைய முதுகு சட்டத்தில் மோதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளை அலுங்கவில்லை.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் கதவைத் திறந்தபடி நின்றது. அந்த இளம் வைத்தியர் சொல்லி வைத்திருந்தார். யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நின்ற சனங்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அம்புலன்ஸில் வந்தவர்களிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு நான் தீவுக்குத் திரும்பினேன், மீதியைத் தொலைபேசியில்தான் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் எடுத்த முதல் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்த இளம் வைத்தியர் எக்ஸ்ரேயை நம்பவில்லை, பிள்ளையைத்தான் நம்பினார். பொழுதுபட்டு அதிக நேரமாகவில்லை, ஜெனிற்றாவைச் செயற்கைச் சுவாசத்தில் போட வேண்டி வந்தது. அடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. “விடியத்தான் வெளிக்கிட்டிருந்தா…” என்று தொலைபேசியில் தொடங்கிய அவர் வசனத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘மடம் சரியாகக் கணித்தார்’ என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் ஒன்றும் கற்கவில்லை. ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்த அந்தப் பையனையும் நான் இப்படித்தான் கணித்தேன். அன்று கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து அதுவும் சரியான முடிவுதான். திரும்ப அப்படி ஒரு பையன் வந்தால் திரும்பவும் அனுப்புவேன். பிழையாகிப்போகிற கணிப்புக்குக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்கிற வைத்தியர் சரியாக இருக்கவேண்டிய நாளிலும் வாயை மூடிக்கொள்வார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் பிள்ளையைப் பாருங்கள். எங்கே காயம் என்று கேட்பதற்கு முன், எது எப்படி இடித்தது என்று கேளுங்கள். அமைதியாகக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து நிம்மதி வந்தால், அந்த நிம்மதியைச் சந்தேகியுங்கள். நிச்சயமில்லை என்றால் நிச்சயமில்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கூட ஏறுங்கள்.

குழாயை எடுத்துவிட்டார்கள், பிள்ளை தானாக மூச்செடுக்கிறாள் என்று செய்தி வந்து, அவளை வாட்டுக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு யாழ்ப்பாணம் போக லீவு கிடைத்தது. கடல் அன்று அமைதியாக இருந்தது. அப்படியும் வாளி எனக்கு வேண்டியிருந்தது.

வாட்டுக்குப் போகிற நீள விறாந்தையில் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. காலில் மாட்டிய இழுவைக் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கட்டிடமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூப்பாடு. வாசலில் நின்ற பிலோமினா என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுப்போனாள். “விடியத் தொடக்கம் இப்பிடித்தான் டொக்டர், மற்றப் பிள்ளையளையும் எழுப்பிப் போட்டாள்” என்றாள். உள்ளே ஒரு தாதி, “பெரிய பிள்ளை எல்லோ, அழக்கூடாது” என்று சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

“அழட்டும் சிஸ்டர், விடுங்கோ” என்று கட்டிலடியில் நின்ற ஒரு மெலிந்த பெண் சொன்னார். முகத்தை அதுவரை கண்டதில்லை. குரலை எனக்குத் தெரியும்.

நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.  தலைமாட்டில் மரியதாஸ், கயிறு அறுத்த தழும்பு தெரியும் கையால் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெனிற்றா கண்ணைத் திறந்து என்னைக் கண்டாள். அழுகையைச் சட்டென்று நிறுத்தினாள். விரலை நீட்டி, வாட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, நடுவில் ஒரு மூச்சுக்கும் நிற்காமல் சொன்னாள்:

“இவதான் எங்கடை கடல் முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு வந்த டொக்டர்!”

சொல்லிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.